சாம்பல் கலந்த பனி

ஜனவரி 13, செவ்வாய்

முதியோர் வகுப்பில் இன்று ஆறு பேர். எழுபது தாண்டியவர்கள் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் எங்கள் ஓட்டுநர் பள்ளிக்கு வந்து என் பேச்சைக் கேட்டே ஆக வேண்டும். பாவம் அவர்கள். இருபத்தாறு வருடமாக அதே பேச்சுதான். பனி ரோட்டில் எதையும் திடீரென்று செய்யாதே. சறுக்கினால் பிரேக்கை மிதிக்காதே. காலை எடு, போக வேண்டிய பக்கம் பார், கை தானாக அங்கே திருப்பும்.

எண்பத்தொரு வயது அம்மாள் ஒருவர், முன் கண்ணாடியில் தபால்பெட்டி வாய் அளவுக்கு மட்டும் பனியைச் சுரண்டிவிட்டு, கூரைமேல் ஒரு முழப் பனியோடு வந்து இறங்கினார். "பிரேக் போட்டா அது மொத்தமும் முன்னால சரிஞ்சு கண்ணாடிய மூடிடும்மா" என்றேன். "அதான் நான் பிரேக்கே போடறதில்லையே" என்றார். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

வீட்டுக்கு வந்தால் கதவருகே ஒரு டப்பா முள்ளங்கி ஊறுகாய். பக்கத்து வீட்டு தொகாஷி ஐயாவின் வேலை. எழுபத்தேழு வயது. முப்பத்தொன்பது வருடம் ரயில் ஓட்டியவர். இப்போதும் காரைக் கிளப்புமுன் விரலை நீட்டி "வலது, சரி! இடது, சரி!" என்று தெருவுக்கே கேட்கச் சொல்லுவார். தினமும் காலை ஒன்பதரைக்கு ஆற்றங்கரை ரோட்டில் பதினோரு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு மனைவி ஃபுசாயே இருக்கும் பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறார். அந்தம்மாவுக்கு மகளைக்கூட அடையாளம் தெரியவில்லை. ஆனால் இவர் உரித்துக் கொடுத்தால்தான் ஆரஞ்சு தின்கிறார். அந்தப் பக்கம் பஸ் நின்று நான்கு வருடமாகிறது.

ஜனவரி 15

ஒரே ராத்திரியில் முப்பத்தெட்டு சென்டிமீட்டர் பனி. தள்ளித் தள்ளி, இடுப்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாளையும் உண்டாம்.

ஜனவரி 16, வெள்ளி

தொகாஷி ஐயாவின் கார் கரண்ட் கம்பத்தில் மோதிவிட்டது. காலை ஒன்பதரைக்கு, என் வாசலைத் தாண்டியதுமே. வண்டியை வெளியே எடுத்து முப்பது மீட்டர்கூடப் போகவில்லை. இடது மணிக்கட்டு உடைந்துவிட்டது, நெற்றியில் காயம். உயிருக்கு ஒன்றுமில்லை.

நான் அப்போது வேலையில் இருந்தேன். சாயங்காலம் எதிர்வீட்டு கமதாதான் சொன்னார். அவர்தான் எங்கள் தெருச் சங்கத் தலைவர். "ரோடு நேரா கெடக்கு, எதிர்ல வண்டி இல்ல. என்னமோ திடீர்னு இடது பக்கம் ஒடிச்சுட்டாரு. வயசாயிடுச்சுல்ல" என்றார். போலீஸும் வந்து அளந்து அதையேதான் எழுதிக்கொண்டு போனதாம். கார் ஏற்கெனவே இழுத்துச் செல்லப்பட்டுவிட்டது. கம்பத்தில் நீலப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

சூப் வைத்தேன். பாதி அப்படியே இருக்கிறது.

ஜனவரி 17

நேற்று ஒன்றை எழுதாமல் விட்டேன். என் நோட்டில், என் கையெழுத்தில், நானே படிக்கப்போவதில் மறைக்கிறேன். என்ன பிறவி!

நேற்று அதிகாலையில் நகராட்சிப் பனிவண்டி ரோட்டை வழித்துக்கொண்டு போனபோது, வழக்கம்போல என் வாசலை அடைத்துக் கட்டி கட்டியாக ஒரு வரப்பு விட்டுப் போனது. அதை வாரியில், பனி தள்ளும் அந்தப் பெரிய தட்டில், அள்ளிக் கொல்லைக்குத் தள்ள ஒரு மணி நேரமாகும். எனக்கு இருந்தது இருபது நிமிடம். ஐந்து வாரி. ஐந்தையும் ரோட்டில் தள்ளினேன். இந்தத் தெருவில் எல்லோரும் செய்வதுதான். சட்டப்படி தப்பு, ஆனாலும் செய்வோம். பரப்பிவிட்டால் போகிற வண்டிகள் மிதித்துத் தூளாக்கிவிடும் என்று ஒரு கணக்கு. வெயில் நாளில் அந்தக் கணக்கு சரிதான். நேற்று மைனஸ் பதினொன்று. அந்தக் குளிரில் அது இரண்டு மணி நேரத்தில் கல்லாகிவிடும் என்று வகுப்பில் படம் போட்டுக் காட்டுகிறவளே நான்தான். அதுவும் நான் பரப்பக்கூட இல்லை. தள்ளிவிட்டு ஓடிவிட்டேன்.

சாயங்காலம் பார்த்தேன். ரோட்டில் சாம்பல் நிறத்தில் கட்டிகள். வழுக்காமலிருக்க வாசலில் நான் விறகடுப்புச் சாம்பல் தூவுவேன். இந்தத் தெருவில் விறகு எரிக்கிற வீடு என்னுடையது மட்டும். ஒரு கட்டியின் தலையை டயர் சீவிக்கொண்டு போயிருந்தது. அங்கிருந்து தடம் நேராகக் கம்பத்துக்குப் போனது.

ராத்திரி பனிவண்டி மறுபடி வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது. இப்போது அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜனவரி 19, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். நிஜமாகவே.

தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "வாங்க டீச்சரம்மா. ஒங்க பக்கத்து வீட்ல இருந்துக்கிட்டு இப்படிப் பண்ணி ஒங்க பேர கெடுத்துட்டேன்" என்று சிரித்தார். அப்புறம் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நேரா போன்னுதான் சொன்னேன். இந்தக் கை கேக்கல. முப்பத்தொம்பது வருஷம் சொன்ன பேச்சு கேட்ட கை."

"ரோட்டுல ஏதாவது கிடந்துச்சா ஐயா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன்? அவராகச் சொல்லிவிட்டால் நான் சொல்ல வேண்டாம் என்றா?

"என்னமோ தட்டின மாதிரி இருந்துச்சு. போலீஸ் பாத்துட்டு, ரோட்டுல ஒண்ணும் பெருசா இல்லையேன்னாங்க. சும்மா சாக்கு சொல்லக் கூடாது பாருங்க."

ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஒரு கையால் எப்படி உரிப்பார் என்று யோசிக்கவில்லை. உரித்து வைத்துவிட்டு வந்தேன். வேறொன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 20

கோஹெய்யிடம் போனில் சொன்னேன். மூன்று வருடமாக செண்டாயில் வேலை, மாதம் ஒரு முறை வீட்டுக்கு வரும் புருஷன். அவரிடமாவது சொல்லலாமே.

"நம்ம தெருவுல எவன் கொட்டல? நீ மட்டும் போய் நீட்டணுமா கழுத்த? ஒன் வேலை என்னாகும்னு யோசிச்சியா?"

யோசித்தேன். அதைத்தானே நாலு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மனுஷனின் கையைப் பற்றி யோசித்தது அதற்கப்புறம்தான். உள்ளதை எழுதுகிறேன்.

ஜனவரி 23, வெள்ளி

சப்போரோவிலிருந்து தொகாஷியின் மகள் மிஃபுயு வந்திருக்கிறாள். ஒரு பெட்டி கேக்கோடு வாசலில் நின்றாள். தூங்காத முகம்.

"அப்பா லைசென்ஸ் ஆகஸ்ட்ல முடியுது. புதுப்பிக்க வேணாம், இப்பவே திருப்பிக் குடுத்துடுங்கன்னு கெஞ்சிட்டேன். பதிலே இல்ல. நீங்க சொன்னா கேப்பாரு. நீங்கதானே அந்த வகுப்பு எடுக்கறீங்க."

"அப்புறம் அம்மாவ எப்படிப் பாப்பாரு?"

"வாரத்துல ஒரு நாள் டாக்சி. எனக்கு மட்டும் மனசு வருதா? ஆனா இந்தத் தடவை கம்பம். அடுத்த தடவை ஸ்கூல் போற குழந்தையா இருந்தா?" அழுதுவிட்டாள். தப்பாக என்ன சொன்னாள்? நான் வகுப்பில் சொல்வதைத்தான் சொன்னாள்.

"பாக்கறேன்" என்றேன். பாக்கறேனாம். கேக்கை வேறு வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்

தொகாஷி ஐயா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். லீவு போட்டுவிட்டு அவரை என் காரில் பராமரிப்பு இல்லத்துக்கு அழைத்துப் போனேன். பதினொரு நாள் கழித்து மனைவியைப் பார்க்கிறார். ஆற்றங்கரையில் காற்று பனியை வாரி அடித்தது. முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. இடைவெளி விட்டு முப்பதில் ஓட்டினேன்.

நான் கிளம்பும்போது அவர் விரலை நீட்டவில்லை. இரண்டு கையும் மடியில் கிடந்தன. வழியெல்லாம் வலது கால் மட்டும் அவ்வப்போது தரையை அழுத்தியது.

பாதி வழியில் கேட்டார்: "டீச்சரம்மா, ஒங்க கண்ணுல நான் பண்ணினதுல எது தப்பு? திருப்பினதா?"

"ஐஸ் ரோட்டுல எல்லாருக்கும் நடக்கறதுதான் ஐயா."

"அது பதில் இல்லையே" என்றார்.

இல்லத்தில் அவர் ஒரு கையாலும் பல்லாலும் ஆரஞ்சை உரித்தார். ஃபுசாயே அம்மா அந்தப் பல்லைப் பார்த்தார், சுளையை நீட்டியும் வாயைத் திறக்கவில்லை. நர்ஸ், "பதினொரு நாளா ஒரு சுளைகூட உள்ள போகல" என்றாள். நான் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 28

வகுப்பு. "விபத்துக்குப் பிறகு முதல் கடமை உண்மையைத் தெரிவிப்பது" என்று நாற்பத்திரண்டாவது பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

ஜனவரி 30, வெள்ளி

வீடு வீடாகக் கைமாறும் தெருச் சங்க அறிவிப்பு அட்டை, அதான் சுற்றுப் பலகை, என் வீட்டுக்கு வந்திருக்கிறது. எல்லாம் எப்போதும் வருகிற தாள்கள்தான். குப்பை எடுக்கும் நாள், தீயணைப்புப் பயிற்சி. மூன்றாவது தாள்:

"இம்மாதம் 16ஆம் தேதி நம் தெருவில் முதியவர் ஒருவரின் ஓட்டுதல் பிழையால் விபத்து ஏற்பட்டது. 75 வயதுக்கு மேற்பட்டோர் பனிக்காலத்தில் வண்டி ஓட்டுவதைத் தவிர்க்கவும், லைசென்ஸைத் திருப்பி ஒப்படைப்பதைக் குடும்பத்தினருடன் ஆலோசிக்கவும் வேண்டுகிறோம்."

கீழே வீடுகளின் பட்டியல். படித்தவர்கள் தங்கள் பெயருக்கு நேரே முத்திரை குத்திவிட்டு அடுத்த வீட்டுக்குத் தர வேண்டும். எனக்கு முன்னால் ஒன்பது வீடு, ஒன்பது சிவப்பு முத்திரை. எனக்கு அடுத்த வீடு தொகாஷி.

முத்திரையை எடுத்தேன். மையில் ஒற்றினேன். மை காய்ந்துவிட்டது.

பிப்ரவரி 1, ஞாயிறு

கமதாவிடமிருந்து போன். "பலகை ஒங்க வீட்லயா நிக்குது? மத்தவங்க காத்திருக்காங்க. சும்மா அவரு தபால்பெட்டில போட்டுட்டு வாங்களேன், நேர்ல குடுத்தா சங்கடம்."

சங்கடமாம். யாருடைய சங்கடம்?

பிப்ரவரி 2, திங்கள்

போனேன். மணி அடித்தேன். கதவைத் திறந்ததும், உள்ளே வரச் சொல்வதற்குள், செருப்புக் கழற்றும் இடத்திலேயே நின்று சொல்லிவிட்டேன். ஐந்து வாரி. மைனஸ் பதினொன்று. சாம்பல். டயர் சீவின கட்டி. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றேன்.

அவர் சுவரோரமாகச் சாய்ந்து நின்றுகொண்டார்.

"பனி தள்ளினது பரவால்ல" என்றார். "நானும் தள்ளியிருக்கேன். ஃபுசாயே நல்லா இருந்தப்ப அவளும் தள்ளுவா. அது இல்ல." குரல் உயரவே இல்லை. "இன்னியோட பதினேழு நாள். ஒவ்வொரு நாளும் ராத்திரி இந்தக் கைய நீட்டி நீட்டிப் பாத்தேன். நடுங்குதா, நடுங்குதான்னு. பாக்கப் பாக்க நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. ஒங்க கார்ல உக்காந்து ஒங்களையே கேட்டேன். எது தப்புன்னு. ஒங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும், எல்லாருக்கும் நடக்கறதுதான்னீங்க, குரிபயாஷி-சான்."

பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அவர் டீச்சரம்மா என்னாமல், என் பெயரோடு எல்லோருக்கும் போடும் 'சான்' சேர்த்துக் கூப்பிட்டது இதுதான் முதல் முறை.

"மன்னிச்சுடுங்க" என்றேன். அந்த வார்த்தை அந்த இடத்தில் எதற்கும் போதவில்லை.

கையிலிருந்த பலகையை வாங்கிப் படித்தார். மூன்றாவது தாளை இரண்டு தடவை படித்தார். "இதுல ஒங்க முத்திரை இல்லையே."

"குத்த முடியல."

"எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன? ஒம்பது வீடு இதப் படிச்சாச்சு. இன்னும் பதினாலு வீடு படிக்கப்போகுது." பேனாவை நீட்டினார். "எழுதுங்க."

செருப்பு அலமாரிமேல் வைத்து எழுதினேன். 'ஓட்டுதல் பிழை அல்ல. ரோட்டில் கிடந்தது நான் தள்ளிய பனி. குரிபயாஷி.' முத்திரை குத்தினேன். அவர் வாங்கிப் பார்த்து, ஒரு கையால் தன் முத்திரையைப் பக்கத்தில் குத்தினார். கோணலாக விழுந்தது.

"அடுத்த வீட்டுக்கு நானே குடுத்துக்கறேன். முதல் ஒம்பது வீட்டுக்கும் திரும்ப எடுத்துட்டுப் போகணும்." கதவை மூடினார். சத்தமில்லாமல் மூடினார். அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

போலீஸில் நானே போய் எழுதிக் கொடுத்தேன். மேலே என்ன என்பதைப் பிறகு சொல்வார்களாம். பள்ளி முதல்வர், மார்ச் முடியும்வரை வகுப்பு எடுக்க வேண்டாம், அலுவலகத்தில் உட்காருங்கள் என்றார். நியாயம்தான்.

தெருவில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போலீஸ் வண்டி இப்போது காலையில் ஒரு சுற்று வருகிறது, யாராலும் ரோட்டில் ஒரு வாரிகூடத் தள்ள முடியவில்லை. கமதா மட்டும் வந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கு நானும் ரெண்டு வாரி தள்ளினேன். என்னுது அந்தப் பக்கம். அதுல ஏறலையே?" என்றார்.

"ஏறல. அது சாம்பல் கட்டி" என்றேன்.

அவ்வளவு நிம்மதியாக ஒரு மனிதர் வீட்டுக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை. எரிச்சலாக வந்தது. அப்புறம் நினைத்தேன், பதினேழு நாள் நான் தேடியதும் இந்த நிம்மதியைத்தானே.

கேக் பெட்டிக்குப் பதில் ஒரு பெட்டி வாங்கி மிஃபுயுவுக்கு அனுப்பி, கடிதமும் வைத்தேன். பதில் ஒரு வரி: "நான் வாங்கி வைத்திருந்த கார் சாவியை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் என்ன பேசுவதென்று இன்னும் தெரியவில்லை."

பிப்ரவரி 19

பனி முழுவதையும் கொல்லைக்குத் தள்ளினேன். ஒரு மணி நேரம் பத்து நிமிடம் ஆனது. நாலரைக்கு எழுந்தால் முடிகிறது. அன்றைக்கும் முடிந்திருக்கும்.

மார்ச் 12, வியாழன்

என் வார விடுமுறை. தொகாஷி ஐயாவின் கட்டு போன மாதமே பிரித்தாயிற்று, கார் நேற்றுத்தான் பட்டறையிலிருந்து வந்தது. ராத்திரி லேசாகப் பெய்திருந்தது. என் வாசலிலிருந்து கம்பம்வரை ரோட்டை ஓரமாக வழித்து, கட்டி எதுவும் இருக்கிறதா என்று காலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒன்பதரைக்கு வாரியோடு ஓரத்தில் நின்றேன்.

வெளியே எடுத்தார். கதவுக் கண்ணாடி இறங்கியிருந்தது. விரல் நீண்டது. குரல் வரவில்லை. என் பக்கம் பார்க்காமல், கம்பத்தருகே நடையை விட மெதுவாக உருட்டிக்கொண்டு போனார். திருப்பத்தில் பிரேக் விளக்கு இரண்டு தடவை எரிந்தது.

பன்னிரண்டே முக்காலுக்குத் திரும்பினார். அதுவரை நான் வேறு ஒரு வேலையும் செய்யவில்லை.

மார்ச் 26

அடுத்த வியாழனும் நின்றேன், இன்றும் நின்றேன். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை, தெரியும். ஆனாலும் அந்த முள்ளங்கி ஊறுகாய்க்கு நாக்கு ஏங்குகிறது. வெட்கம் கெட்ட நாக்கு.

ஏப்ரல் 8, புதன்

இன்றுதான் வகுப்புக்குத் திரும்பினேன். பட்டியலில் நாலு பேர். மூன்றாவது பெயர் தொகாஷி.

முதல்வரிடம் ஓடிப்போய், அவரை வேறு யாரிடமாவது போடுங்கள் என்றேன். முதல்வர் அவரிடமே கேட்டுவிட்டார். "வேணாம், இவங்களே இருக்கட்டும்" என்றார் தொகாஷி. "ரோட்டுல என்ன கிடக்கும்னு இவங்கள விட யாருக்குத் தெரியும்?" பின்னால் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குக் காது சுட்டது.

பள்ளி மைதானத்தில் ஓரமெல்லாம் இன்னும் கருத்த பனிக்குவியல். பாதை காய்ந்துவிட்டது. அவர் ஓட்டுநர் இருக்கையில், மற்ற மூன்று பேரும் பின்னால், நான் பக்கத்தில், என் காலடியில் என் பிரேக். இந்த வகுப்பில் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை. நான் குறிப்பது அவருக்கும் குடும்பத்துக்குமான தாள், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளை மிஃபுயு படிப்பாள்.

"வலது, சரி. இடது, சரி." குரல் சின்னதாக இருந்தது, ஆனால் இருந்தது.

வளைவு நன்றாக எடுத்தார். குறுகிய பாதையும் நன்றாகவே. நிறுத்தக் கோட்டில் நின்றார். கதவைத் திறந்து பார்க்கவே தேவையில்லை, முன் சக்கரம் கோட்டைத் தாண்டி ஒரு சாண். என் கையில் பென்சில். சாண்தானே. மூன்று மாதம் இந்த மனிதரை இவ்வளவு படுத்திவிட்டு ஒரு சாணுக்குக் குறி போடுவதா? பென்சிலைத் தாளில் வைக்காமல் வைத்திருந்தேன்.

"தாண்டிட்டேன், இல்ல?"

"…ஆமா. ஒரு சாண்."

"எழுதுங்க. தெரிஞ்சும் சொல்லாம வச்சிருக்கறது போதும்."

எழுதினேன். அவர் பென்சில் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் வண்டியை எடுக்கவில்லை.

"இப்ப சொல்லுங்க. அந்தக் கட்டி மேல ஏறினப்ப, நான் பண்ணினதுல எது தப்பு?"

"பிரேக்க மிதிச்சீங்களா?"

"மிதிச்சேன். ஓங்கி."

"அதான் தப்பு. மிதிக்காம கால எடுத்திருந்தா ஒரு குலுக்கு குலுக்கிட்டு நேரா போயிருக்கும். மிதிச்சதாலதான் வண்டி இடது பக்கம் சறுக்குச்சு, கை சரியாத்தான் இருந்துச்சு. கால்தான் அவசரப்பட்டுச்சு."

யோசித்தார். தலையை ஆட்டினார். "அப்ப அதுல கொஞ்சம் என்னுதும் உண்டு."

"கொஞ்சம்தான். மிச்சம் என்னுது."

"அது சரியான கணக்கு" என்றார். நல்ல சேதி கேட்டவர் மாதிரி இருந்தது முகம். "கை இல்ல. கால்." வலது காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டார். பின்னாலிருந்து ஒருவர் "என்னங்க, கிளம்பலாமா?" என்று குரல் கொடுத்தார். தொகாஷி விரலை நீட்டினார். "முன்னால, சரி!" என்றார். மூன்று பேரும் திடுக்கிட்டார்கள். அவ்வளவு சத்தம்.

வகுப்பு முடிந்து சான்றிதழைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பினார்.

"நாளைக்கு வியாழன். ஒன்பதரைக்கு வாரியத் தூக்கிக்கிட்டு ரோட்டுல நிக்காதீங்க, டீச்சரம்மா. பனியே இல்ல. ஒங்களப் பாத்தாலே கால் பிரேக்குக்குப் போகுது."

சாயங்காலம் வாரியைக் கழுவித் துடைத்து, கொல்லைக் கொட்டகையில் மாட்டிவிட்டேன்.